அழாத பிள்ளையின் கட்டில்

இன்று காலை, கை முறிந்து வந்த ஒரு பையனிடம் சிரிப்பிலிருந்து அழுகை வரை வரிசையாக முகங்கள் வரைந்த அட்டையை நீட்டி, "எவ்ளோ வலிக்குது, தொட்டுக் காட்டு" என்றேன். சிரிக்கிற முகத்தைத் தொட்டான். அதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. உதட்டை அவன் கடித்திருந்த விதத்தைப் பார்த்து, வலிக்கு மருந்து கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அப்போது உன் நினைவு வந்தது.

விருத்தாசலத்தில் நாம் இருவரும் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் இந்த அட்டையெல்லாம் இல்லை. பீங்கான் சூளையில் வேலை பார்த்தவரின் மகள், இரண்டு வயதுக் குழந்தை, வடிகஞ்சி கொட்டித் தொடை வெந்து வந்தாள். அவள் அழவே இல்லை.

"தங்கமான புள்ள, கம்முனு இருக்குது" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் மெச்சினார்கள். நீ ஒரு பொம்மையை அவள் கைக்கு எட்டும்படி வைத்தாய். கண் மட்டும் அதன்மேல் போனது. கை அசையவில்லை. மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அசைஞ்சா வலிக்கும்னு பயந்து கெடக்குதுடி" என்றாய்.

டாக்டரை அழைத்து வந்தாய். அவர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். சற்று நேரத்தில் அவள் பொம்மையை இழுத்து அணைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு வீறிட்டாள். தாய் பதறிப்போனாள்.

"மருந்து குடுத்ததுக்கப்பறந்தான சிஸ்டர் அழுவுது?"

"அழுவட்டுங்க. இப்பத்தான் அழுவுறதுக்கே தெம்பு வந்திருக்குது" என்றாய்.

சில வருடங்களில் நீயே புற்றுநோயோடு படுத்தாய். பார்க்க வந்தவர்கள், "நிம்மதியா தூங்குறாங்க" என்று சொல்லிப் போனார்கள். உன் விரல்கள் போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தன. நான் டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டு வலி அடங்கியதும் கண்ணைத் திறந்தாய்.

"டீ ஏன்டி இவ்ளோ தண்ணியா இருக்குது?"

அன்று முழுக்க எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருந்தாய். கேட்கக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

எனக்கு இப்போது எல்லாமே அலுப்பாக இருக்கிறது. முட்டி வலிக்கிறது. பிள்ளைகள் சேர்ந்து கத்தினால் தலை கனக்கிறது. ஆனாலும் வார்டுக்குள் நுழைந்ததும், சத்தம் வருகிற கட்டில்களைத் தாண்டி, சத்தமே வராத கட்டிலுக்குத்தான் என் கால் முதலில் போகிறது.