தொட்டியில் பறித்த பிரிஞ்சி இலை

12 நவம்பர் 1988, சனி. ஆவடி

நடுராத்திரியில் விளக்கைப் போட்டு டைரி எழுதுகிறேன். படுத்தால் கண் மூட முடியவில்லை.

மத்தியானம் பிரிஞ்சி சாதம் செய்தேன். கடையில் வாங்கிய இலை தீர்ந்துவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமி அஸ்ஸாமுக்கு மாற்றலாகிப் போகும்போது, "பிரிஞ்சி செடி, நீயே வச்சுக்கோ" என்று ஒரு தொட்டியைக் கொடுத்திருந்தார். அதிலிருந்து மூன்று இலை பறித்துப் போட்டேன். பாப்பா இன்னும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள்.

பாத்திரம் தேய்க்க வந்த தனம், குக்கரில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அரளி எல மாரி கீது. இத்தயா சோத்துல போட்டே?"

கடை இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். இதில் நடுவே ஒன்றுதான். பாட்டனி படித்தவள் நான். பறிக்கும்போது பார்க்கவே இல்லை.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். "அரளின்னா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். ராத்திரி வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். இவர் இலையைக் கசக்கி மோந்து, "வாசனை வருதுடி. நானுந்தானே ரெண்டு தட்டு தின்னேன்" என்று சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. மாமிக்கு எழுதிக் கேட்கலாம். அஸ்ஸாமுக்குக் கடிதம் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகும்.

பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மூச்சு வருகிறது. கொஞ்சம் மெதுவாக வருகிறதோ, தூக்கத்தில் எப்போதும் இப்படித்தானோ, இதுவரை கவனித்ததில்லை.

கண்ணு, விடிந்ததும் உன்னைக் கூப்பிடுவேன். என்னைக் காக்க வைக்காமல் உடனே பதில் சொல்லிவிடு.