முன்வரிசை

மார்ச் 4
காஜியார் நீதிமன்றத்தில் என் வேலை, சாட்சி சொல்ல வருகிறவர் நம்பத்தக்கவரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுவது. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது சிலிர்த்தது. ஒருவன் சொல்லை ஏற்கும் முன் அவனோடு பழகியவர்களைக் கேள் என்று அத்தனை காலத்துக்கு முன்பே ஒரு சட்டம்!

இன்று ஒரு தையல்காரி வந்தார். கணவன் விட்டுப்போய் வருஷங்கள் ஆகின்றன. சோறும் இல்லை, சேதியும் இல்லை. மணவிலக்கு கேட்கிறார். ஷரீஅத் தரும் உரிமைதான்.

மார்ச் 11
கணவன் நேரில் வரவில்லை; அவன் வக்கீல் கொண்டுவந்த சாட்சி ‘முன்வரிசை’. தொழுகையில் எப்போதும் முதல் வரிசை, அதனால் அந்தப் பெயர். வாடகைச் சாட்சி என்பது நீதிமன்ற வாசல் பூனைக்கும் தெரியும். கணவன் சார்பில் மாதாமாதம் தானே அவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சத்தியம் செய்தார். அத்தர் வாசனை.

“எங்க வீட்டுக் கதவு என்ன கலர்னு கேளுங்க” என்றார் தையல்காரி.

“கேள்வி கேக்கறது என் வேலைம்மா” என்றார் காஜியார். கேட்கவில்லை.

மார்ச் 13
முன்வரிசையின் தெருவில் விசாரித்தேன். மளிகைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “அவரா? காலைல ஒரு கட்சிக்குச் சத்தியம், சாயங்காலம் எதிர்க்கட்சிக்கு. நடுவுல தொழுகை.”

எழுதினேன்: நம்பத்தக்கவர் அல்ல.

மார்ச் 14
காஜியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே: “ஒரு வேளைத் தொழுகைகூட விடாத மனுஷன். இதுக்கு மேல என்ன தம்பி வேணும்?”

“சட்ட நூல்ல இதுக்கு மேலயும் இருக்கே ஹஜ்ரத்.”

“எனக்கே ஓதிக் காட்டறியா? மாத்தி எழுதிட்டு வா.”

மாற்றவில்லை. அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டார். மனு தள்ளுபடி.

நூல்மேல் எனக்குக் கோபமில்லை. தோல் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதன் எதிரில் உட்கார்ந்து பல் குத்துகிறார்கள். சே.

மார்ச் 20
தையல்காரி வாசலில் மறித்தார். “காலம்பூரா இல்லாத ஒருத்தனுக்குப் பொண்டாட்டியா இருக்கணுமா தம்பி?”

அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். மேல்முறையீடு செய்கிறார்.

அம்மா: “வேலை நிரந்தரமாகப் போற நேரத்துல உனக்கேன்டா ஊர் வம்பு?”

ஏப்ரல் 2
மேல் நீதிமன்றம் அறிக்கையை எடுத்துக்கொண்டது. கணவனின் வக்கீல் எழுந்தார்: எழுதியவர் நம்பத்தக்கவரா? அவரையும் விசாரிக்கட்டும்.

நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தையல்காரியின் விடுதலை இப்போது என் யோக்கியதையில் தொங்குகிறது.

ஏப்ரல் 5
என்னைப் பற்றி விசாரிக்க ஆள் வந்து போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: “ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். தொழுகைக்குப் போவானான்னு.”

“நீங்க?”

“வெள்ளிக்கிழமைகூடக் குறட்டை விடுவான்னா சொல்ல முடியும்? தெரியாதுன்னேன். நாளைக்குப் பள்ளிவாசல்லயே வந்து பாக்கறாராம்.”

ஏப்ரல் 6
விடியல் தொழுகை. எத்தனை வருடம் கழித்து? கடைசி வரிசையில் நின்றேன் — அங்கே நின்றால் யார் கண்ணிலும் படமாட்டேன். முன்னால் நடந்தேன்.

முதல் வரிசையில் ஒரே ஓர் இடம். அத்தர் வாசனை. முன்வரிசைதான். அவர் சற்று நகர்ந்து, என் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார். இறைவனிடம் என்ன சொன்னேன்? எதுவும் சொல்லவில்லை. விசாரிக்க வந்து சன்னலருகே நின்றவர் என்னைப் பார்த்துவிட்டாரா என்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 19
மணவிலக்கு கிடைத்துவிட்டது. தையல்காரி அழுதுகொண்டே சிரித்தார். “நீங்க நல்லவர்னு கோர்ட்டே சொல்லிடுச்சு தம்பி.”

நான் நம்பத்தக்கவன் என்பதற்குத் தீர்ப்பில் காரணம் ஒரே வரி: முன்வரிசையில் தொழுபவர்.

எங்கள் தெரு மளிகைக்காரரை யாரும் கேட்கவில்லை.