யார் முதலில் போன் செய்வது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஷாலினியைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஆஸ்டின் டவுன்காரர்களிடமிருந்து பத்து நாளாகப் பேச்சே இல்லை. மகளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்று எனக்குப் பயம். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார்தானே முதலில் பேச வேண்டும் என்று கெத்தாக இருந்தேன்.

இன்று சாயங்காலம் அவளே சிரித்தாள். "டாடி, அவங்கப்பாவும் நம்ம போனுக்குத்தான் வெயிட் பண்றாராம். இதுக்குப் பேர்தான் டெட்லாக்."

அவளுடைய பிஎச்டியே இதுதானாம். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு புரோகிராம்களில் எது எப்போது சொல்ல வேண்டும், எது கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். அதற்கு 'டைப்' என்று பெயர். அதை வைத்து, ஓட விடுவதற்கு முன்பே சிக்கலைக் கண்டுபிடித்துவிடலாம். நானோ வேலை பார்க்கும் பொம்மசந்திரா கம்பெனி முழுக்க, மகள் டைப்பிங்கில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கௌரவத்தை விட்டுப் போன் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. பையனின் அப்பாவும் அதே நேரத்தில் எனக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம், ஷாலினி பையனிடம் கேட்டுச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சொல்லவே வந்தா, கேக்கறது யாரு டாடி? இதுவும் டைப் எர்ரர்தான்."

வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவரும் அங்கே காத்திருந்திருப்பார். போன் அடிக்கவே இல்லை.

என் மனைவி மேரி குக்கரை இறக்கிவிட்டு வந்து, பையனின் அம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை சர்ச்ல பூசை முடிஞ்சு எல்லாரும் வந்துடுங்க, பிரியாணி பண்றேன்." அவ்வளவுதான், முடிந்தது.

"மம்மிக்கு என் தீசிஸ்ல டைப்பே கிடையாது" என்றாள் ஷாலினி.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் நானும் எதிரெதிரே உட்காருவோம். யார் முதலில் பேசுவது என்று மேரியிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.