கால் பிடிக்கிறவள்

18-11-2006, சனி

விருதுநகரில் மாவட்டக் கபடிப் போட்டி. ஜெயித்தோம். பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை, எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். என் டம்ளரில் மட்டும் பெயரை ஆம்பளைப் பெயராக்கி 'மாரிசெல்வன்' என்று வெட்டியிருக்கிறார்கள்.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியின் பி.டி. மேடம் பொன்னுத்தங்கம், பானுப்பிரியாவைப் பார்க்கவென்றே வந்திருந்தார். மாட்டுச் சந்தை தோற்றது. உயரம் கேட்டார், நடக்கச் சொன்னார், முழங்காலை அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்தால் படிப்பு, விடுதி எல்லாம் இலவசமாம். தினம் இரண்டு முட்டை.

பானு என் கூட்டாளி. பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு ஓடி வருகிறவள். போட்டோவில் அவள் முகம். எதிராளி பாடி வந்தால் காலைக் கவ்விக்கொண்டு மண்ணில் விழுகிறவள் நான். போட்டோவில் என் முதுகு.

19-11-2006

அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு முட்டையா? பட்டாசுக் கம்பெனிய விட்டுட்டு நானே வாறேன்னு அந்தம்மாட்ட சொல்லுத்தா."

15-3-2007

நாளை பரீட்சை. சாமிக்குக் கபடி பிடிக்குமா என்று தெரியவில்லை. பிடித்தால் நல்லது.

14-5-2007

ரிசல்ட். பானு 702, நான் 694. அம்மா உடனே, "பேக்கிங்ல ஆள் கேக்காக, ஜூன்ல இருந்து வந்துரு" என்றாள். எங்கள் தாயில்பட்டியில் இதுதான் வாழ்த்து.

24-5-2007, வியாழன்

பானுவுக்கு மதுரையில் தேர்வு ஆட்டம். தனியாக அனுப்ப அவள் அம்மாவுக்குப் பயம். துணைக்கு நான்.

பஸ்ஸில் பானு, "ஏட்டி, ஆள் பத்தலைன்னு உன்னைய எதுக்க நிப்பாட்டுனா, கைய லேசா விட்ரு" என்றாள். சரிடி என்றேன்.

மைதானத்தில் முப்பது பேர் – திண்டுக்கல், தேனி எல்லாம். மிச்சம் ஒரே இடம்தான் என்று மேடம் அங்கே வைத்துத்தான் சொன்னார். பிடிக்க ஆளில்லாமல் என்னை நிறுத்தினார்கள்.

முதல் தடவை பானு வந்தாள். விட்டேன். மேடம் கத்தினார்: "ஏய் குண்டு, தூங்க வந்தியா?"

இரண்டாவது தடவை பிடித்துவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

மூன்றாவது தடவை?

அது கை இல்லை. நான்தான். குண்டு என்றதற்காகவா, பேக்கிங் வேலையை நினைத்தா? பானு கண்ணாலேயே 'விடுடி' என்றாள். நான் விடல.

மேடம் நோட்டோடு வந்து என் பெயரைக் கேட்டார்.

"நான் துணைக்கு வந்தேன் மேடம்."

"பாடிப் போக பஸ் பஸ்ஸா வந்து எறங்குறாளுக. காலைப் பிடிக்கத்தான் ஒருத்தியும் இல்ல. சர்டிபிகேட் எல்லாம் கொண்டு வா."

"பானு?"

"அடுத்த வருஷம் பாப்போம்."

ஊரில் நிறையப் பேர் காலைப் பிடித்துத்தான் மேலே வந்திருக்கிறார்கள். நான் உண்மையாகவே பிடித்தேன். திரும்பும்போது பானு முன் சீட்டில், நான் கடைசி சீட்டில். துணைக்குப் போன லட்சணம்.

25-5-2007

பானு வீட்டுக்குப் போனேன். "அவ தூங்குதா" என்றாள் அவள் அம்மா. மத்தியானம் பன்னிரண்டு மணி. உள்ளே டி.வி.யில் பாட்டு ஓடுகிறது. கூடவே பானு பாடுகிறாள்.

11-6-2007

பள்ளிக்கூட பி.டி. கோட்டைச்சாமி சாரைப் பார்த்தேன். பானுவைத் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டாராம். அவள் எனக்குச் சொல்லவில்லை.

"நீ செஞ்சது துரோகமா வெளாட்டான்னு எனக்கே வெளங்கலத்தா" என்றார். எனக்கு மட்டும் வெளங்குதாக்கும்.

20-6-2007

விடுதி. முட்டை ஒன்றுதான். இன்னொன்று மாநில அணிக்குப் போனவர்களுக்காம். யாரிடம் போய்ச் சொல்ல? பானுவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

10-11-2007, சனி

விருதுநகரில் கல்லூரிகளுக்கான போட்டி. அரையிறுதியில் எதிரே பச்சை ஜெர்சியில் பானு.

நேராக என்னிடம்தான் பாடி வந்தாள். ஐந்தரை மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, 'கபடி'. அதையே இருபது தடவை சொன்னாள். பாய்ந்து காலைப் பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டாள். நான் அவுட். மேடம் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. தோற்றோம்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டி, வேணும்னே விட்டியா?"

"இல்லடி. சத்தியமா பிடிச்சேன்."

கணுக்காலைக் குழாய்க்குக் கீழே நீட்டினாள். என் ஐந்து விரலும் அதில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"தெரியும். எரியுது."