எட்டு மணிக்குள் திறக்க வேண்டிய திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தாய்மாமன் நிறைய ஆசிகளோடும் அதைவிட நிறையக் கோபத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் வாசற்கதவு நலமில்லை. அது ஏன் என்று நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று என் எழுபத்தெட்டு வயதின் மேல் ஆணையாகச் சொல்லித் தொடங்குகிறேன். நீயும் சிரமப்பட்டு நம்ப வேண்டாம்.

முதலில் கோபம். நீ அனுப்பிய முதியோர் இல்லத்துப் படிவம் வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டே இருக்கும் கிழவர்கள். எண்ணிப் பார்த்தேன், ஆளுக்கு அறுபத்துநாலு பல். போகட்டும். நாலாம் பக்கத்தில் ஒரு வரி: ‘என்னால் தனியாக வாழ இயலாது என்று உறுதி கூறுகிறேன்.’ அதற்குக் கீழே மாதக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான்! லாரி எஞ்சின் இரண்டு மைல் தள்ளி இருமினாலும் எந்த வால்வு என்று காதாலேயே சொன்ன மெக்கானிக்! அந்த இல்லத்துக்காரர்களிடம் பத்துத் தடவை பேசியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் விழுந்துவிட்டேன் என்று தளபதியம்மா உனக்குப் போன் செய்தாராம். மூன்றாம் வீட்டு ரிட்டயர்டு நர்ஸுக்கு நான் சூட்டிய பட்டம் அது. இந்தத் தெருவில் தனியாக இருக்கிற ஒன்பது கிழடுகளையும் ஆள்வது அவர்தான். செவ்வாய்க்கிழமை மாத்திரை டப்பா சோதனை. சனிக்கிழமை எங்கள் தெருவிலேயே இருக்கும் பிளம்பர் வந்து குழாயையும் என்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: காலை எட்டு மணிக்குள் சமையலறை ஜன்னலின் மஞ்சள் திரையை விலக்கியாக வேண்டும். விலகாவிட்டால் தெருவே வந்து கதவைத் தட்டும். என் திரையைக் கண்காணிப்பவர் எதிர்வீட்டுத் தையற்காரர். திரையைத் தைத்துக் கொடுத்தவரும் அவரே. விடிந்ததும் மிஷினில் உட்கார்ந்துவிடுவார். அது போடுகிற சத்தத்தில் எங்கள் தெரு இதுவரை மூன்றடி கிழக்கே நகர்ந்திருக்கிறது.

உன் மாமனுக்குச் சட்டம் என்றால் கை அரிக்கும், உனக்கே தெரியும். போன மாதம் ஒருநாள் வேண்டுமென்றே திரையை விலக்காமல் காபியோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எட்டு நாலுக்குப் படையெடுப்பு. நாற்பதாயிரம் பேர், இரண்டு யானை. கதவைத் திறந்து, சும்மா சோதிச்சுப் பாத்தேன் என்றேன். தளபதியம்மா திட்டியதை இங்கே எழுதினால் தபால்தலை கருகிவிடும். கடைசியில், உங்களுக்கு வயசு எழுபத்தெட்டா, ஏழா, எட்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புதன்கிழமை. நான் விழவே இல்லை. குளியலறைத் தரையில் பதித்த கற்களைக் கிட்டத்திலிருந்து ஆராயலாம் என்று படுத்தேன். ஆராய்ச்சி கொஞ்சம் நீண்டுவிட்டது. திரை மூடியே கிடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வாசலில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். பெரியவர் மறுபடி வெளையாடுறாரு, விடுங்க என்றாராம் பிளம்பர். வெளையாட்டா இல்லையான்னு கதவ ஒடச்சப்பறம் அவர்கிட்டயே கேட்டுக்கலாம் என்றாராம் தையற்காரர். ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிற மனிதர், ஒரே உதை! கதவு பறந்துபோய்ப் பக்கத்து நாட்டில் விழுந்தது. திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ரயிலையே கட்டி நிறுத்தலாம். புதுக் கதவு, அதில் புதுத் தாழ்ப்பாள், அதுவும் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற மாதிரி. சாவி ஒன்று தையற்காரரின் கத்திரிக்கோல் பெட்டியில். என் வீட்டில் எனக்கு இருக்கிற ரகசியம் இனி என் சட்டைப்பைக்குள் மட்டும்தான்.

இப்போது நீயே சொல், அந்த நாலாம் பக்கத்து வரி பச்சைப் பொய் இல்லையா? எங்கே என்னைத் தனியாக வாழ விட்டார்கள்? பொய் சொல்வது வேறு, பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடுவது வேறு. முதலில் ‘தனியாக’ என்பதை மட்டும் அடித்துப் பார்த்தேன். மீதி அபசகுனமாக இருந்தது. ஆகவே முழு வரியையும் அடித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன் பயம் புரியாமல் இல்லை, பாப்பா. அவ்வளவு தூரத்தில் போன் மணி அடித்தால் என்ன நினைப்பாய் என்று தெரியும். ஒரு வாரம் லீவு போட்டு வா. என்னை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வராதே. நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்க வா. அதுவரை என்னை இங்கிருந்து கிளப்பாதே.

நீயும் அங்கே ஒண்டியாகத்தான் இருக்கிறாய். உன் ஜன்னல் திறந்ததா என்று பார்க்க அங்கேயும் யாராவது இருக்கட்டும். நன்றாக இரு.

இப்படிக்கு,
புதுக் கதவோடு காத்திருக்கும்
உன் மாமா

பின்குறிப்பு: யானை இல்லை. வந்தது ஏழு பேர். பக்கத்து நாட்டிலும் கதவு இல்லை, கொல்லையில் கிடக்கிறது. தரையை ஆராயவும் இல்லை. ஆறரை மணியிலிருந்து கிடந்தேன். குரல் எழும்பவில்லை. போன மாதம் செய்த கூத்துக்கு இனி யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே, எதிர்வீட்டு மிஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நீ நம்பலாம். எட்டு மணிக்கு அந்த மிஷின் நின்றது.