உமிக்கு வாங்கிய பேர்

மச்சாள்,

குசினி மூலையில் ஒரு பை உமி நிற்கிறது. கோழி வளர்க்கிறவர்கள் கூட்டுக்குள் போட வாங்குகிற உமி. தோட்டச் சாமான் விற்கிற கடையில் என் மகள் உமியாள் வாங்கி வந்து வைத்தாள். பையின் வாயை அவிழ்த்ததும் தூசி மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். நல்ல காரியம் ஒன்று முன்னால் கிடக்கிறபோது தும்மக்கூடாது. அடக்கின தும்மலோடு நீங்கள் நினைவில் வந்து நின்றீர்கள். இடுப்பில் நெல் புடைக்கிற சுளகு, செருகின சேலைத் தலைப்பு, ஏதோ என் வீட்டையே விலைபேச வந்தவர் மாதிரி ஒரு பார்வை.

மெல்பேர்னில் எனக்கு உமி எதற்கு என்று கேட்பீர்கள். உமியாளின் மகள் ஆரணிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. மாதம் நிறையாமல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியில் ஒரு கடதாசி மட்டை ஒட்டி, சுற்றிவரப் பூக் கீறி, பேரை எழுதியிருக்கிறார்கள். தாயின் தாய்க்கு வைத்த அதே பேர். உமியாள்.

அதைக் கண்ட நேரம் தொடக்கம் இப்படித்தான் இருக்கிறேன். ரெலிபோன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காமல் கிடந்தால் அதைவிடப் பயம்.

எனக்கு ஒன்றும் மறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் என்னைக் கனகாலம் வைத்திருக்கவில்லை. படித்ததை மறந்தேன், பட்டதை மறக்கவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு, மூன்றாவதை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"எடியே, இதை எனக்கு வித்துப்போடு. உன்ர பிள்ளை இல்லையெண்டால் அவன் உன்ர வாசலுக்கு வரமாட்டான்."

அவன் ஆர் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படி விற்கிற பிள்ளையைத் தவிட்டுக்குத்தான் வாங்குவார்கள். தவிட்டம்மா என்றும், வெறும் தவிடு என்றும் ஒழுங்கைக்கு ஒருத்தி இருந்தாள். என் பிள்ளையும் அப்படி ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாசல் படலையடியில் கொண்டுவந்து கிடத்தினேன். உங்கள் சுளகைப் பார்த்தால் அதில் தவிடு இல்லை, உமி.

"தவிடு எங்கை மச்சாள்?"

"மாட்டுக்கு வைச்சிட்டன். உமிதான் கிடந்தது. தாறியோ, நான் போகட்டோ?"

மாட்டுக்குத் தவிடு, என் பிள்ளைக்கு உமி! அந்த முள் இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் என்ன செய்வது, தந்தேன். உமியை என் காலடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினீர்கள். உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், காதுக்குள் "உமி" என்று சொல்லி, பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து, "இது என்ர பிள்ளை. வளத்துத் தா" என்று என் கையில் தந்தீர்கள். பிறப்புப் பதியப் போன இடத்தில் உங்கள் தம்பி, என் மனுசன்தான், ஒரு மனிசப் பேராக இருக்கட்டும் என்று, உமியாள் என்று சொன்னவர். அப்படி வந்த பேர்தான் இது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கண்டதும் ஊதுவார்கள். "ஊதினால் பறப்பாள்" என்று பகிடி. அழுதுகொண்டு என்னிடம் வரவில்லை, உங்களிடம் ஓடினாள். நீங்கள் அவளுடைய மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "நெல்லைக் கண்டால் அள்ளுவான். அரிசியைக் கண்டாலும் அள்ளுவான். உமியை ஆர் அள்ளுறது? அதுதான் நீ இருக்கிறாய்."

அவள் இருந்தாள். நெருப்புக் காய்ச்சலுக்குத் தப்பினாள், சண்டைக்காலத்துச் செல்லடிக்குத் தப்பினாள், பங்கருக்குள் பாம்புக்குத் தப்பினாள். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லையென்று எண்ண வேண்டாம். விற்ற பிள்ளையைக் கலியாணத்துக்கு முன்னால் பெற்றவள் திருப்பி வாங்க வேண்டும். அது முறை. நான் நல்ல சிவப்பரிசித் தவிடாகப் புடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கு எப்படிப் பிள்ளை வாங்க வேண்டும் என்று காட்டுகிற எண்ணமும் இருந்ததுதான். நீங்கள் சுளகைப் பார்க்கவும் இல்லை.

"நான் விக்கிறதாச் சொன்னனானோ? கொண்டு போ."

கலியாணத்தன்று தாரை வார்க்கத் தண்ணீர் ஊற்றியதும் நீங்கள்தான். பெற்றவள் நான் பந்தல் கப்புக்காலோடு சாய்ந்து நின்றேன். ஊர் முழுக்கப் பார்த்தது. உங்கள் கையில் செம்பு நடுங்கியதை நான் பார்த்தேன். பெருமையில் நடுங்குகிறீர்கள் என்று நினைத்து அதையும் மனதில் முடிந்து வைத்தேன். பிறகு சிட்னியில் உங்கள் மகன் வீட்டில் நீங்கள் கண்ணை மூடினபோது, உமியாள் இங்கிருந்து கார் ஓடி வந்து உங்கள் தலைமாட்டில் இருந்து "அம்மா" என்று கத்தி அழுதாள். அந்தச் சத்தத்தில் அவள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இங்கே வந்த பிறகு அந்தப் பேரை அவளே ஒளித்துவிட்டாள். மல்கிரேவில் வேலை செய்கிற இடத்தில் அவள் உமா. அப்பாடா, உமி முடிந்தது என்று இருந்தேன். பார்த்தால் ஆரணி தோண்டி எடுக்கிறாள். முன்னமே இரண்டு தரம் அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்காமல் போனது. இந்தமுறை வயிற்றில் பெண்பிள்ளை என்று தெரிந்ததுமே போனைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மம்மா, விக்டோரியா ஸ்டேட் முழுக்க ஒருத்தருக்கும் இந்தப் பேர் இல்லை. சோ யுனிக்!"

"இல்லாததுக்குக் காரணம் இருக்கும் பிள்ளை."

கேட்டால்தானே? வளைகாப்புக்கு கிரான்பர்னில் மண்டபம் எடுத்து, மேடையில் மர எழுத்துகளில் பேரை நிறுத்தி, சுற்றிவரப் பலூன். பிறக்காத பிள்ளைக்குப் பேர்! ஆசை தெரியக்கூடாது என்று குப்பையில் கிடந்ததை எடுத்து வைத்த பேரை, விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். சென்னைப் பிள்ளை ஒன்று என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி. பழைய இலக்கியத்துல வர்ற பேரா?"

"இல்லை. நெல்லுக் குத்துற இடத்தில வாறது."

சிரித்தாள். "எனக்கும் பொண்ணு பொறந்தா இதையே வைக்கலாமா?"

கேட்டு வாங்கிப் போக இது என்ன கறித்தூளா? ஒவ்வொருத்தியும் அந்தப் பேரை வாயில் போட்டு மென்று, நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று சொல்லச் சொல்ல எனக்குக் கால் குளிர்ந்தது. "ஆசையாக் கூப்பிடாதை, அவனுக்குக் கேக்கும்" என்று நீங்கள் சொன்னதுதான் காதுக்குள். அந்த மாதம் முடிகிறதுக்கு முதல் பிள்ளை வந்து பெட்டிக்குள் கிடக்கிறது.

போன கிழமை குசினியில் வைத்துச் சொன்னேன். பேர் மட்டும் வைத்தால் காணாது, விற்க வேண்டும் என்று. ஆரணி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்து இருந்து, சொல்கிற எதையும் செய்கிற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

"ஆருக்கு அம்மம்மா விக்கிறது?"

"உன்ர மனுசன்ர தங்கச்சிக்கு. அதுதான் முறை."

"அவ சிங்கப்பூரில. வீடியோ கோல்ல செய்யலாமா?"

"போனுக்குள்ள பிள்ளையைக் குடுக்கிறதோ? கையில வாங்க வேணுமடி."

"அப்ப நீங்களே வாங்குங்கோ."

"தாய்வழி இரத்தம் வாங்கக்கூடாது. இடக்கையில இருந்ததை வலக்கைக்கு மாத்தினது போல. அது விற்பனையில்லை."

வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற உமியாள் தலை நிமிராமல் சொன்னாள். "என்ன இரத்தம்? நீங்கள் என்னை வித்தனீங்கள். மாமி திருப்பித் தரேல்லை. அப்ப நான் மாமியின்ர பிள்ளை, இவள் மாமியின்ர பேத்தி. உங்களுக்கும் எங்களுக்கும் என்ன முறை? நீங்கள் பிறத்தி ஆள், அம்மா. நீங்கள் வாங்கலாம்."

பிறத்தி! பத்து மாதம் சுமந்த என்னைப் பார்த்து. அவள் வெங்காயக் கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "உமி எங்கை விக்கும் எண்டு பாத்துக்கொண்டு வாறன்" என்று கார்ச் சாவியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையை வீட்டுக்கு விடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம். முன்னமும் ஒருக்கால் அப்படிச் சொல்லி, பிறகு மூச்சு காணாது என்று மறித்துவிட்டார்கள். ஆகையால் நான் ஒன்றையும் நம்பவில்லை. இந்த வீட்டுக்குப் படலை இல்லை, கராஜ் கதவுதான். அதற்கு முன்னால் ஆரணி பிள்ளையைக் கிடத்துவாள். சுளகும் இல்லை, ஒரு தட்டத்தில் உமியோடு நான் வருவேன். தவிடு சுப்பர்மார்க்கட்டில் பெட்டியில் கிடக்கிறது, அதுவே போதும் என்றாள் ஆரணி. வேண்டாம் என்றேன். உமிக்கு வாங்கின பிள்ளைதான் உயிரோடு நின்றது.

சரிபார்க்கிறதற்காக இப்போது தட்டத்தில் கொஞ்சம் கொட்டினேன். கை நடுங்குகிறது, மச்சாள். உங்கள் செம்பு நடுங்கினது மாதிரியே. பெருமை இப்படி நடுங்காது. இது வேறு. அன்றைக்கு நான் தவிட்டோடு வந்து நின்றபோது அவளைத் தந்திருந்தால், மறுபடி என் பிள்ளையாகிவிடுவாள், அவனுக்கு வாசல் தெரிந்துவிடும் என்று கிடந்து பயந்திருக்கிறீர்கள். அதை வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் அவனுக்குக் கேட்கும் என்று எண்ணினீர்களோ?

உங்களை மன்னித்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாரைக்குத் தண்ணீர் நான் ஊற்றியிருக்க வேண்டும், நீங்கள் ஊற்றினீர்கள். அது அப்படியே இருக்கிறது. ஆனால் சொல்லி வைக்கிறேன். இந்தச் சின்னவள் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வாசலுக்கு வரட்டும். பிறகு ஆரணி தவிடு கொண்டு வந்தாலும் சரி, பொன் கொண்டு வந்தாலும் சரி, என் காலில் விழுந்து கேட்டாலும் சரி, நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.