வடசேரியில் எடுத்த முகம்

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணம் லீவு. என் வீட்டுக்காரர் ஜெபிஷ் சவுதியில் தம்மாமிலிருந்து ஒரு கூட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்ட பொட்டலம் இன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தது. மூன்று பழைய கேமரா லென்ஸ்: முப்பத்தைந்து மில்லிமீட்டர், ஐம்பது, நூற்றி முப்பத்தைந்து. கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் வாங்கினாராம். "பெபி, உள்ள பூஞ்சை வல்லதும் இருக்கா பாரு. எனக்கு இதொண்ணும் தெரியாது" என்று போனில் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தேன். முப்பத்தைந்தில் லேசாக மூட்டம். மற்ற இரண்டும் சுத்தம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள் ஒன்று ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஒரு நடை போகலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கால் வலி. ஆனால் எவ்வளவு நாளாயிற்று இப்படி நடந்து!

நாகர்கோவில் மணிமேடையில் ஆரம்பித்தேன். முப்பத்தைந்தில் கடைப் போர்டு எழுத்துகள், மின்கம்பிகள், ஒரு செங்கல் சுவர். ஓரங்களில் கூர்மை இருக்கிறதா என்று பிறகு பார்க்க வேண்டும். ஐம்பதைப் போட்டுக்கொண்டு வாழைக்குலைக் கடை. மட்டிக்குலையும் செந்துளுவனும் வரிசையாகத் தொங்கின. கறுப்பு வெள்ளையில் செந்துளுவன் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும் என்று நினைக்கிறேன். கடைக்காரர், "பேப்பர்ல வருமா?" என்றார். வராது என்றதும் முகம் வாடிவிட்டது.

வடசேரி போனபிறகுதான் நூற்றி முப்பத்தைந்து. கனம். ஆனால் தூரத்தில் இருப்பவர்கள் கைக்கெட்டுகிற மாதிரி வந்துவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஹோட்டலின் பின்வாசலில், ஒருவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த பனியன். மேலே தகர ஓட்டையிலிருந்து வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும். நான் எதிர்க்கடைத் தூணுக்குப் பின்னால் நின்று நாலைந்து எடுத்தேன். அவர் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 10, புதன்

குளியலறையில் சுருளைக் கழுவிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். முப்பத்தைந்து குப்பை. ஐம்பது நல்லது. நூற்றி முப்பத்தைந்து — அம்மாடி! ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால், அந்த ஆளின் கண்ணிமை, மூக்கு நுனியில் நிற்கிற வியர்வைத் துளி, புருவத்துக்குள் ஒரு தழும்பு, எல்லாம் எண்ணலாம் போலிருக்கிறது.

ஃபேஸ்புக் ஃபிலிம் குழுவில் போட்டேன். "நூற்றி முப்பத்தைந்து, முழுத் திறப்பில். வடசேரி." அதோடு விட்டிருக்கலாம். "உழைப்பின் முகம்" என்று ஒரு தலைப்பும் வைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

லைக் வந்து குவிகிறது. சும்மா சும்மா போனை எடுத்துப் பார்க்கிறேன். ஏழாம் வகுப்புப் பேப்பர் திருத்தவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் ரஸீனா டீச்சர் போனை நீட்டினாள். "ஏட்டி, இது நீ எடுத்த படமில்லா? எங்க குடும்ப குரூப்புல வந்து கெடக்கு."

என் படம். என் பெயர் இல்லை. தலைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இனயம் சிலுவைமுத்து. கத்தார்ல இருக்கேன்னு வீட்ல சொல்லிட்டு நாரோயில்ல பாத்திரம் கழுவுறாரு. எல்லாருக்கும் அனுப்புங்க." சிரிப்புப் பொம்மைகள். எத்தனை!

ஓடிப்போய் என் பதிவைத் திறந்தேன். சனிக்கிழமையே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவரு எங்க ஊர்க்காரர் மாதிரி இருக்கே. கத்தார்லல்லா இருக்காரு?" அதற்கு நான் லைக் போட்டிருக்கிறேன். படிக்காமலே. எல்லாவற்றுக்கும் போட்ட மாதிரி அதற்கும் ஒன்று.

செப்டம்பர் 16, செவ்வாய்

பதிவை அழித்தேன். அழித்து என்ன? எல்லார் போனிலும் இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

பள்ளி விட்டு வடசேரிக்குப் போனேன். வாளிமேல் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சிலுவைமுத்து எங்கே என்று கேட்டேன்.

"அவரு போயாச்சு. நேத்து அவருக்க பொண்டாட்டி வந்து அந்நா, அந்த இடத்துல நின்னுது. ஏசவும் இல்ல, அழவும் இல்ல. இவரு கைய தொடச்சிட்டு பொறத்தால போனாரு. அப்படியே போனவருதான். போனும் ஆஃப். நீங்க ஆரு, சொந்தமா?"

இல்லை என்றேன். யார் என்று சொல்லவில்லை. பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். அப்படியானால் தூணுக்குப் பின்னால் எதற்கு நின்றாய் பெபிஷா?

செப்டம்பர் 20, சனி

அவர் ஊரான இனயத்துக்குப் போனேன். ரஸீனா வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

வீட்டைக் கேட்டதுமே காட்டினார்கள். கேட்டவளையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர் மனைவி ஸ்மைலின் வாசலில் மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது.

"நீங்களா எடுத்தது?"

"ஆமா."

"அவருகிட்ட கேட்டுட்டா எடுத்திய?"

"இல்ல."

உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நின்றபடியே, ஹோட்டல்காரர்களிடம் கேட்டு அறிந்ததைச் சொன்னாள். ஏஜெண்ட் சொன்ன வேலை அங்கே இல்லை. நாலு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு எப்படி வருவது என்று நாகர்கோவிலில் இறங்கியவர், அங்கேயே நின்றுவிட்டார். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணமும் வந்திருக்கிறது.

"டெய்லி போன் பண்ணுவாரு டீச்சர். அங்க பயங்கர சூடு, பாத்துக்கன்னு சொல்லுவாரு. நான் இங்க இருந்து மோரு குடியுங்கன்னு சொல்லுவேன். மோளுக்க ஆதிகுருபானைக்கு, சர்ச்சுல அவ மொத நன்மை வாங்குன அன்னைக்கு, வரல்ல. லீவு தரமாட்டேங்கானுவன்னு சொல்லி அழுதாரு. நானும் அழுதேன். ஒரு பஸ்ஸு ஏறினா வந்திருக்கலாம்."

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"நீங்க எடுத்ததுகொண்டாக்கும் எனக்குத் தெரிஞ்சது. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமா, ஏசணுமான்னு எனக்குத் தெரியல்ல. மொதல்ல அவரு உசிரோட வரட்டும்."

நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. கடல் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சர்ச்சில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. எங்க போனாரோ. கர்த்தாவே, அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. ஒண்ணும் ஆவக்கூடாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

கிடைத்துவிட்டார். முட்டத்தில், லைட் ஹவுசுக்குக் கீழே பாறையில் இருந்தாராம். சாப்பிடாமல் கிடந்த கோலம். ஸ்மைலினின் அண்ணன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். "ஆளு வந்தாச்சு" என்று மட்டும் ஸ்மைலின் மெசேஜ் போட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டபோது அண்ணன்தான் எடுத்து மற்றதைச் சொன்னார்.

பள்ளி லேபில் அழுதேன். பிள்ளைகளிடம் கண்ணில் ஆசிட் புகை என்று பொய் சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தெரியாத நம்பர். எடுத்தேன்.

"டீச்சரா? நான் சிலுவைமுத்து."

என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. மன்னிப்பு என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பொய் சொன்னது நான். அதுக்கு உங்கள குத்தம் சொல்லல்ல. நானே ஒரு நாளு அவகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். கிறிஸ்மஸுக்குப் போய்ச் சொல்லலாம்னு. ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா, வேண்டாம் டீச்சர்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஜெபிஷ் கேட்டார், லென்ஸ் எப்படி என்று. நல்லாயிருக்கு என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். "இங்கயும் வீட்டுக்குச் சொல்லாத வேலை பாக்குறவங்க நெறைய உண்டு பெபி" என்றார். நான் அதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கருங்கல் ஊரில் ஒரு கல்யாணம். முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஸ்மைலினைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. ஒதுங்கிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள் அவளே பார்த்துவிட்டாள்.

"அவரு நல்லாயிருக்காரா?" என்றேன்.

"கத்தாருக்குப் போயாச்சு. இந்த மட்டம் நெசமாட்டே."

"மறுபடியுமா?" என்றேன்.

"நான் போவாண்டாம்னு சொன்னேன் டீச்சர். அண்ணனுக்க வள்ளத்துல மீன் பிடிக்க போங்க, கெடைக்கது போதும்னேன். டீக்கடையில போய் இருந்தா ஒருத்தன், கத்தாருல இப்ப டீ என்ன வெலைன்னு கேக்கான். இன்னொருத்தன் படத்த எடுத்துக் காட்டுறான். எப்படி இருப்பாரு? கடம் வாங்கி விசா எடுத்துப் போனாரு."

"கூப்பிடுவாரா?"

"டெய்லி. நான் எடுத்த உடனே, சுத்திக் காட்டுங்கன்னு சொல்லுவேன். ரூம காட்டுவாரு. ஜன்னல காட்டுவாரு. கூட கெடக்குற ஆளுவள காட்டுவாரு. அதுக்குப் பொறவுதான் பேச்சு." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "முந்தி எடுத்ததும் சாப்பிட்டியளான்னு கேப்பேன்."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போனாள். சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சாயங்காலம் ஜெபிஷ் வீடியோவில் வந்தார். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். எந்த நாள் கூப்பிட்டாலும் அந்தச் சுவர்தான். மூன்று வருஷமாக அதை நான் கவனித்ததே இல்லை.

"என்ன பெபி, எங்க பாக்குற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியளா?" என்றேன்.